வேறுவிதமாக நடந்திருந்தால்: பனிப்போரும் திருவள்ளூர்ச் சீமையும்

1955ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சென்னைக்கு மேற்கே உள்ள ஆவடியில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டு எழுப்பப்பட்ட பந்தலில் காங்கிரஸ் மகாசபை கூடி, இத்தேசத்தின் பொருளாதார வாழ்வு சோஷலிஸ்டு பாணியில் அமைய வேண்டும் என்று தீர்மானித்தது. அதே ஆவடியில், ஏறக்குறைய பதினோராண்டுகள் கழித்து 1965ஆம் ஆண்டின் இறுதியில், பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியார் தந்த வரைபடங்களைக் கொண்டு செய்யப்பட்ட ‘விஜயந்தா’ டாங்கி, கனரக வாகனத் தொழிற்சாலையின் கொட்டகையிலிருந்து வெளிவந்தது. பின்னர் 1980களின் பிற்பகுதியில், அதே தொழிற்சாலை சோவியத் நாட்டு டி-72 டாங்கியை ‘அஜேயா’ என்ற பெயரில் செய்யத் தொடங்கிற்று. உலகத்தை இரு கூறாகப் பிளந்து நாற்பதாண்டுகளுக்கு மேல் அச்சுறுத்திய முதலாளித்துவ, பொதுவுடைமைச் சித்தாந்தங்களின் போட்டி, ஆவடியிலிருந்து அம்பத்தூர், மணலி, எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கும் ஆந்திர எல்லையில் உள்ள ஆரம்பாக்கத்துக்கும் செல்லும் இந்தச் சிறு நிலப்பரப்பில் பதித்துச் சென்ற தடங்களைப் போல், தமிழ்நாட்டின் வேறொரு பகுதியில் இவ்வளவு நெருக்கமாகக் காண்பது அரிது. அந்தப் போட்டி வேறுவிதமாக நடந்திருந்தால், அல்லது நடக்கவே இல்லாதிருந்தால், இந்த நிலமும் இதில் உழைப்பவர்களும் எந்நிலையில் இருந்திருப்பார்கள் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

நடவாதவற்றைப் பற்றிய ஆராய்ச்சியைச் சரித்திர ஆசிரியர்கள் பலர் மதிப்பதில்லை. ஈ. எச். கார் என்ற ஆங்கில அறிஞர் 1961இல் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளில், இதை வரவேற்பறை விளையாட்டு என்று ஒதுக்கினார். ஆயினும், ஒரு காரியத்துக்கு இன்னது காரணம் என்று எழுதும் ஒவ்வோர் ஆசிரியரும், அக்காரணம் இல்லாதிருந்தால் அக்காரியம் நிகழ்ந்திராது என்பதையும் சொல்லாமற் சொல்கிறார்; கார் அவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆகவே ஊகம் குற்றமன்று. கட்டுப்பாடற்ற ஊகமே குற்றம். நான் இங்கே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு எளியது. தீர்மானிக்கும் நிலையில் இருந்தவர்கள் தாமே எதிரே கண்டு, எண்ணிப் பார்த்து, பின் கைவிட்ட வழிகளை மட்டுமே ஆராய்வது. அவர்கள் கனவிலும் காணாத வழிகளை நாவலாசிரியர்களுக்கு விட்டுவிடுவது.

இக்கட்டுப்பாட்டை வைத்துப் பார்த்தால், உலக அரங்கில் அடிக்கடி பேசப்படும் ‘இப்படி நடந்திருந்தால்’களிற் சிலவே தேறுகின்றன. 1944இல் சிகாகோவில் கூடிய டெமாக்ரடிக் கட்சி, உப ஜனாதிபதி பதவிக்கு ஹென்றி வாலஸையே மறுபடியும் நிறுத்தியிருந்தால், ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மறைந்தபோது, ட்ரூமனுக்குப் பதிலாக, ருஷ்யாவுடன் இணக்கத்தை விரும்பிய ஒருவர் அமெரிக்காவின் தலைமையை ஏற்றிருப்பார். 1952 மார்ச்சில் ஸ்டாலின் அனுப்பிய குறிப்பை மேற்கு வல்லரசுகள் ஏற்றிருந்தால், ஜெர்மனி நடுநிலை நாடாக ஒன்றுபட்டிருக்கக்கூடும். 1962 அக்டோபர் 27ஆம் தேதி, கியூபாவுக்கு அருகில் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் அணு ஆயுதத்தைப் பிரயோகிப்பதற்கு வாஸிலி அர்க்கிபோவ் என்ற அதிகாரி சம்மதித்திருந்தால், ஆராய்ச்சி செய்வதற்கு நாமும் இருந்திருக்க மாட்டோம். இவை யாவும் மெய்யான கிளைவழிகளே. ஆனால் இவற்றின் தொலைதூர விளைவுகளை எண்ணூர்க் கழிமுகம் வரையில் கொண்டுவந்து காட்டுவதற்கு நம்மிடம் போதிய சான்றுகள் இல்லை. நம் மண்ணிலேயே நின்ற கிளைவழிகளுக்கு வருவோம்.

அவற்றுள் முந்தியது பனிப்போருக்கும் முற்பட்டது. 1923 மே முதல் தேதியன்று சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடினார்; 1932இல் பெரியார் ருஷ்யாவில் சுற்றுப்பயணம் செய்து திரும்பி, சிங்காரவேலருடன் சேர்ந்து ஈரோட்டுத் திட்டத்தை வகுத்தார். பிறகு வந்த சர்க்காரின் அடக்குமுறையும், சாதி ஒழிப்பே முதற்கடமை என்ற பெரியாரின் முடிவும் பொதுவுடைமை, சாதி ஒழிப்பு ஆகிய அவ்விரு நீரோட்டங்களையும் பிரித்துவிட்டன. அவை பிரியாதிருந்தால், தமிழ்நாட்டில் பொதுவுடைமை இயக்கம் சாதியையும் கூலியையும் ஒரே கேள்வியாகக் கொண்டு வளர்ந்திருக்கும் என்று நம்புவதற்கு இடமுண்டு. பெரியார் தாமே கண்டு கைவிட்ட வழியாகையால், இது நம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே; அதை விரித்தால் தனி நூலாகும்.

1952ஆம் ஆண்டே நம் விசாரணைக்கு மையமானது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை இருந்த முதற் பொதுத் தேர்தலில், தமிழ், தெலுங்கு, மலையாள, கன்னடப் பகுதிகளைக் கொண்டிருந்த அன்றைய சென்னை ராஜ்யத்தின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பெற்றனர். பலர் சிறையிலும் தலைமறைவிலும் இருந்து மீண்டிருந்த சமயம் அது. டி. பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியாரும் பிறரும் ஐக்கிய ஜனநாயக முன்னணி என்று ஒன்றுகூடி, 166 உறுப்பினர்களின் ஆதரவு தமக்கு உண்டு என்று கவர்னரிடம் உரிமை கோரினர். பெரியாரின் திராவிடர் கழகமும் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்குத் துணை நின்றிருந்தது. கவர்னர் ஸ்ரீபிரகாசா அம்முன்னணியை அழைக்கவில்லை. அரசியலிலிருந்து ஓய்வு பெற்றிருந்த ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து, அவரையே மந்திரிசபை அமைக்குமாறு வேண்டினார். 1952 ஏப்ரல் 10ஆம் தேதி ராஜாஜி முதன்மந்திரியானார். அந்நியமனம் செல்லாது என்று பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டில் தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று. பெரும்பான்மை பெறாத கட்சி ஆட்சியில் அமர்வதற்கு நேருவே தயங்கினார் என்பதை நினைத்தால், மற்ற வழி எவ்வளவு அருகில் இருந்தது என்பது விளங்கும்.

ஜூலை 3ஆம் தேதி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ராஜாஜிக்கு 200 வாக்குகளும் எதிராக 151 வாக்குகளும் விழுந்தன. கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரிகள் என்று சட்டசபையில் அவர் வெளிப்படையாக அறிவித்தார். அந்த 200ஐச் சேர்த்துக் கொடுத்தவர்களுள், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்களில் வேரூன்றியிருந்த காமன்வீல் கட்சியாரும் இருந்தனர். அக்கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவியும் கிடைத்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. எனவே, தென்னிந்தியாவில் கம்யூனிஸ்டுகள் பங்குகொள்ளும் முதல் மந்திரிசபை அமையாமற் போனதில் இந்தச் சீமைக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

கவர்னர் பிரகாசத்தை அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பலர் எண்ணுவது போல, சென்னை ராஜ்யம் மாஸ்கோவின் நிழலில் போய் விழுந்திருக்கும் என்று நான் கருதவில்லை. 166 என்பது 375இல் பாதிக்குக் குறைவு. முன்னணியைச் சேர்த்து வைத்திருந்தது காங்கிரஸ் எதிர்ப்பு ஒன்றே; பிரகாசம் பொதுவுடைமைவாதி அல்லர். கம்யூனிஸ்டு உறுப்பினர்களிற் பெரும்பகுதியினர் தெலுங்கு ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்ததும், 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திரம் தனி ராஜ்யமானதும் யார் ஆட்சியில் இருந்தாலும் நடந்திருக்கக்கூடியவையே. ஆகையால் அந்த மந்திரிசபைக்குச் சென்னையில் ஒன்றரையாண்டுக்கு மேல் ஆயுள் இருந்திராது.

ஆனால் அந்த ஒன்றரையாண்டில் நிலத்தைப் பற்றி என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வியில்தான் ஓர் அரிய உண்மை வெளிப்படுகிறது. கம்யூனிஸ்டுகளைத் தடுப்பதற்கென்றே வந்த ராஜாஜி, ஆட்சியேற்ற ஐந்து மாதங்களுக்குள், 1952 ஆகஸ்டில், தஞ்சை ஜில்லாவின் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கும் அவசரச் சட்டத்தைத் தாமே பிறப்பித்தார். மிராசுதார்கள் தம் மனம்போல் ஆட்களை வெளியேற்றுவதை அச்சட்டம் தடுத்தது. கீழத் தஞ்சையில் செங்கொடிச் சங்கம் வேர்விட்டிருந்ததும், எதிர்க்கட்சி வரிசையில் 62 பேர் அமர்ந்திருந்ததுமே அவருக்கு அந்த அவசரத்தைத் தந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. காமராஜ் காலத்தில் 1955இல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் வந்த நியாய வாரச் சட்டமும் அதே நிர்ப்பந்தத்தின் தொடர்ச்சிகள். கம்யூனிஸ்டுகள் ஆட்சியில் அமர்ந்து செய்திருக்கக்கூடியதில் ஒரு பகுதி, அவர்கள் எதிரில் அமர்ந்திருந்ததனாலேயே நடந்துவிட்டது.

இனி, கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே உள்ள எல்லைக்கு வருவோம். ஆந்திர ராஜ்யத்தின் முதல் மந்திரிசபை, காங்கிரஸுடன் சேர்ந்துகொண்ட பிரகாசத்தின் தலைமையில் அமைந்து, 1954 நவம்பரில் கவிழ்ந்தது. 1955 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது, ஆந்திரம் ஆசியாவிலேயே வாக்குச் சீட்டினால் பொதுவுடைமை ஆட்சியைக் கொண்டுவரும் முதற் பிரதேசம் ஆகிவிடும் என்று வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. காங்கிரஸும் அதன் தோழமைக் கட்சிகளும் 196இல் 146 இடங்களைப் பெற்றன. கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 15. எனினும் அவர்களுக்கு விழுந்த வாக்குகள் நூற்றுக்கு ஏறக்குறைய 31. தோற்றது ஜனங்களின் ஆதரவு குறைந்ததனால் அல்ல. 1952இல் சிதறியிருந்த எதிர்த்தரப்பு இம்முறை ஒன்றுகூடியதனால். அக்கட்சிகள் முன்போலப் பிரிந்தே நின்றிருந்தால், இன்று லாரிகள் நீண்ட வரிசையில் நின்று செல்லும் எளாவூர்ச் சோதனைச்சாவடி, கேரளத்தில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் 1957இல் ஆட்சியேற்பதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, இரு சித்தாந்தங்களின் எல்லைக் கோடாக ஆகியிருக்கும். திருத்தணி 1960இல் படாஸ்கர் தீர்ப்பின்படி சென்னை ராஜ்யத்துக்கு வந்துசேர்ந்தது இருதரப்புக் காங்கிரஸ் மந்திரிசபைகளின் இணக்கத்தால். எல்லைக்கு அப்பால் வேறு கட்சி ஆண்டிருந்தால், ம. பொ. சி. நடத்திய அந்த எல்லைப் போராட்டத்தின் முடிவு எப்படி அமைந்திருக்கும் என்பதும் சிந்திக்கத்தக்கது.

ஆவடித் தீர்மானம் இந்தத் தேர்தலுக்குச் சில வாரங்களே முன்னதாக, ஆந்திர எல்லையிலிருந்து ஒரு பகற்பொழுதுப் பயண தூரத்தில் நிறைவேறியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அது தேர்தலுக்காகவே செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நேருவின் உள்ளத்தில் அந்நோக்கம் பல்லாண்டுகளாக இருந்ததே. ஆனால் அக்கணத்தில், அவ்விடத்தில், அச்சொற்களில் அது வெளிப்பட்டதற்கு, கம்யூனிஸ்டுகளின் கையிலிருந்த வாக்குறுதியைத் தன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் ஒரு காரணம். மாஸ்கோவின் ‘பிராவ்தா’ பத்திரிகை அதே ஜனவரியில் நேருவின் வெளிநாட்டுக் கொள்கையைப் புகழ்ந்து எழுத, காங்கிரஸார் அதையே ஆந்திரப் பிரசாரத்தில் எடுத்துக் காட்டினர். சோவியத் தலைமைக்கு உள்ளூர்த் தோழர்களின் வெற்றியைக் காட்டிலும் டில்லியின் நட்பே பெரிதாகத் தோன்றியது. உலகப் போட்டியும் உள்ளூர்ப் போட்டியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இந்த வேற்றுமையே என் முடிவுக்கு அடிப்படை.

உலகப் போட்டி நமக்குத் தந்தவை இயந்திரங்களும் கடன்களும். பிலாயில் ருஷ்யர்களும், ரூர்கேலாவில் மேற்கு ஜெர்மானியர்களும், துர்க்காபூரில் ஆங்கிலேயர்களும் உருக்காலை நிறுவியதை எல்லோரும் அறிவர். அந்தப் படத்தின் சிறிய பிரதி ஒன்றைச் சென்னையைச் சுற்றிலும் காணலாம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு ஸ்விட்சர்லாந்தின் தொழில்நுட்பம். அதை 1956இல் சீனப் பிரதமர் சௌ என்லாய் வந்து பார்வையிட்டார். கிண்டிக்கு அருகே ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனியின் உதவி. நந்தம்பாக்கத்து அறுவைக் கருவித் தொழிற்சாலைக்கும் நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கும் சோவியத் உதவி. திருச்சி திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலைக்குச் செக்கோஸ்லோவாகியாவின் உதவி. வடசென்னைத் தொழில் வட்டாரத்தில் மட்டும் ஆங்கிலக் கூட்டுறவே மிகுந்திருந்தது: எண்ணூரில் அசோக் லேலண்டு, திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். ஆவடித் தீர்மானத்தின் ஊர்ச் சுற்றுவட்டாரத்திலேயே தனியார் தொழில் இவ்வாறு செழித்தது விநோதமாகத் தோன்றலாம். தொழில் மந்திரியாயிருந்த ஆர். வெங்கட்ராமன் கிண்டியிலும் பின்னர் அம்பத்தூரிலும் அமைத்த தொழிற்பேட்டைகளில், சர்க்கார் நிலத்தைத் திருத்திச் சாலையும் மின்சாரமும் தந்தது. பட்டறையை நடத்தியவர் தனிமனிதர். இரு சித்தாந்தங்களில் எதுவும் தன்னுடையது என்று முழுதாக உரிமை கொண்டாட முடியாத ஏற்பாடு அது. அதனாலேயே நிலைத்தது என்பது என் எண்ணம்.

மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வரலாறு இன்னும் படிப்பினை மிக்கது. 1950களில் இந்தியாவின் எண்ணெய் வியாபாரம் பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய கம்பெனிகளின் பிடியில் இருந்தது. சோவியத் நாடு மலிவான விலையில் எண்ணெய் தர முன்வந்ததும், ருமானியா கௌஹாத்தியிலும் ருஷ்யா பரௌனியிலும் கோயலியிலும் ஆலை கட்டித் தந்ததும் அப்பிடியைத் தளர்த்தின. 1965 டிசம்பரில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற கம்பெனி பதிவானபோது, அமெரிக்காவின் அமோகோவும் இரான் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் தலா நூற்றுக்கு 13 வீதப் பங்குகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, எஞ்சிய 74ஐ இந்திய சர்க்காருக்கு விட்டுக்கொடுத்தன. ஆண்டுக்கு 25 லட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்கு முன் எந்த மேல்நாட்டு எண்ணெய்க் கம்பெனியும் இத்தகைய நிபந்தனையைக் காதிலும் வாங்கியிராது. ஒரே வீட்டு வாசலில் இரண்டு வியாபாரிகள் வந்து நின்றால் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் சௌகரியம் அது.

டாங்கித் தொழிற்சாலையிலும் அவ்வாறே. சோவியத் சார்புடையவர் என்று அமெரிக்கர்கள் தூற்றிய கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியாயிருந்தபோதுதான் 1961இல் விக்கர்ஸ் கம்பெனியுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1965இல் பாகிஸ்தானுடன் நடந்த யுத்தத்தின்போது அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுத உதவியை நிறுத்தியபின், தேசம் சோவியத் பக்கம் மேன்மேலும் சாய்ந்தது. அந்த உதவி நிறுத்தப்படாதிருந்தால், ஆவடிக் கொட்டகையில் ருஷ்ய வரைபடங்கள் வந்து விரிந்திருக்குமா என்பது சந்தேகமே. கடைசல் இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளிக்கோ, வரைபடத்தில் அளவுகள் எம்மொழியில் குறிக்கப்பட்டிருந்தன என்பதைத் தவிர, பெரிய மாறுதல் ஒன்றுமில்லை.

புத்தகங்களையும் இங்கே ஒருவாறு சொல்லத்தான் வேண்டும். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிட்டு, கெட்டி அட்டையுடன் சில ரூபாய்க்கு விற்ற டால்ஸ்டாயும் கார்க்கியும் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே நம் சிற்றூர்களை எட்டின. அந்நிலையத்தின் தலைமையகம் இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இருக்கிறது. மறுபக்கத்தில், ஃபோர்டு ஃபவுண்டேஷனின் பொருளுதவி பெற்ற தென்மொழிகள் புத்தக டிரஸ்ட் 1950களில் சென்னையிலிருந்து மலிவு நூல்களைப் பரப்பிற்று. ஏழை மாணவன் இரு தரப்பாராலும் வாசகனானான். 1991க்குப் பின் அந்த விலைக்கு அத்தகைய புத்தகத்தை யாரும் தந்ததில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இரு தரப்பில் ஒன்று முன்கூட்டியே வென்றிருந்தால் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1950களின் தொடக்கத்திலேயே சோவியத் ஆட்சி நிலைகுலைந்து அமெரிக்கா தனி வல்லரசாகியிருந்தால், பொக்காரோவில் உருக்காலை கட்டக் கடன் தர 1963இல் மறுத்த அமெரிக்கா, நமக்குக் கனரகத் தொழிலே வேண்டாம், பருத்தியும் நிலக்கடலையும் போதும் என்று சொல்லியிருக்கும். மாறாக, பொதுவுடைமை முகாம் உலகெங்கும் வென்றிருந்தால், கீழை ஐரோப்பாவில் நடந்ததே இங்கும் நடந்திருக்கும்: தொழிற்சாலைகள் எழும்பியிருக்கும், தொழிற்சங்கம் சர்க்காரின் கிளையாகியிருக்கும், எண்ணூரிலோ ஆவடியிலோ வேலைநிறுத்தம் என்ற பேச்சுக்கே இடமிருந்திராது. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்ட நகரத்துக்கு அது பேரிழப்பு.

ஆகவே போட்டி நீடித்ததே நமக்கு நன்மை என்று முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதில் முடியாது. கொரியாவிலும் வியட்நாமிலும் மாண்ட பல லட்சம் பேர் அந்தப் போட்டியின் விலை. நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் இருந்துவரும் இலங்கைத் தமிழர் முகாமில், சிப்காட் ஆலைகளிலும் பெயின்டிங் வேலையிலும் பிழைக்கும் குடும்பங்கள் தங்கியிருக்கின்றன. அவர்களை அகதிகளாக்கியது இலங்கையின் இனக் கொடுமை, அதில் ஐயமில்லை. ஆனால் 1980களில் டில்லி அத்தீவின் விவகாரத்தில் தலையிட்டதற்கு, திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தொட்டிகளும் அமெரிக்கர் வசமாகிவிடும் என்ற அச்சமும் ஒரு காரணம். 1987 ஜூலை உடன்படிக்கையோடு ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலையும் அந்நிய வானொலி நிலையங்களும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதே இதற்கு அத்தாட்சி. வல்லரசுப் போட்டி இல்லாதிருந்தால், ஈழத் தமிழரின் உரிமை அதன் நியாயத்துக்காகவே எடைபோடப்பட்டிருக்கும் என்று உறுதி கூற இயலாது. பிறர் கணக்கில் அது ஒரு காயாக நகர்த்தப்படாமலாவது இருந்திருக்கும். மூன்று தலைமுறைகள் கண்டுவிட்ட அம்முகாமின் மக்களுக்கு இந்த விசாரணை வெறும் ஊகமன்று.

வேறொரு பொருளில் இரு சித்தாந்தங்களுக்கும் வேற்றுமையே இல்லை. ஆற்றையும் கடலையும் உற்பத்திக்கான மூலப்பொருளாகவும், கழிவைக் கொட்டுமிடமாகவும் கருதுவதில் இரண்டும் ஒன்றே. சோவியத் திட்டக்காரர்கள் ஆரல் கடலை வற்றச் செய்தார்கள்; இங்கே எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலைச் சேர்த்தவை பொதுத்துறை அனல்மின் நிலையங்கள்; அருகிலேயே புகை கக்கியவற்றில் தனியார் ஆலைகளும் இருந்தன. யார் வென்றிருந்தாலும் இறாலும் மடவையும் இழந்த மீனவரின் கதி மாறியிராது.

1991க்குப் பின் வந்த மாறுதல் கும்மிடிப்பூண்டியில் கண்கூடாகத் தெரிகிறது. எல்லைக்கு இப்பால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், பிரெஞ்சு டயர் கம்பெனி மிஷ்லின் வந்தமர்ந்த தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்பூங்காவும். எல்லைக்கு அப்பால், தடாவுக்கு அருகே, ஸ்ரீசிட்டி. முன்பு இரண்டு வியாபாரிகள் ஒரு வாசலில் நின்றார்கள். இன்று ஒரு வியாபாரி தெருவில் நிற்க, இரண்டு வீட்டார் நிலத்தையும் நீரையும் வரிச் சலுகையையும் ஏந்திக்கொண்டு அவரை அழைக்கிறார்கள். 1955இல் சித்தாந்த எல்லையாகியிருக்கக்கூடிய ஆரம்பாக்கத்துக் கோடு, சலுகைகளின் எல்லையாகிவிட்டது. தேர்வாய்க்கண்டிகையில் தம் மேய்ச்சல் நிலத்துக்காக எதிர்த்து நின்ற ஏழை மக்களுக்கு, பேரம் பேச உதவும் இரண்டாவது வல்லரசு எதுவும் இல்லை.

எனினும் உலகப் போட்டி முடிந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று கொள்வது தவறு. 24 மாத காலத்தில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரத் தொழிலாளியாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981இல் வந்தது. அதை மாஸ்கோ கேட்டு வாங்கித் தரவில்லை. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடந்தரும் மசோதா 2023 ஏப்ரல் 21ஆம் தேதி சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்ததால், மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சோவியத் நாடு மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேலான பின் நடந்தது இது. இயந்திரமும் கடனும் உலகப் போட்டியால் வந்தன. அது போனதும் அவற்றின் பேரமும் போயிற்று. குத்தகைதாரனின் உரிமையும் தொழிலாளியின் உரிமையும் உள்ளூர்ப் போட்டியால் வந்தன. 1952இல் சட்டசபையில் அமர்ந்த அந்த 62 பேரை அனுப்பியது இந்நாட்டு வாக்காளர்களே. வல்லரசுகளின் கதை எத்தனை விதமாக மாறியிருந்தாலும், இந்த இரண்டாவது வரிசையில் உள்ளவற்றிற் பெரும்பகுதி வந்தே இருக்கும் என்பது என் துணிபு.

அப்படியானால் இன்றைய கும்மிடிப்பூண்டியைப் பற்றிக் கவலை கொள்ளவேண்டிய இடமும் இதனுள்ளேயே இருக்கிறது. அங்குள்ள உருட்டாலைகளிலும் ஃபர்னஸ் கொட்டகைகளிலும் பழுக்கக் காய்ந்த இரும்பின் முன் நிற்பவர்களுள் மிகப் பலர் பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரு கான்டிராக்டரிடமிருந்து மற்றொரு கான்டிராக்டரிடம் பெயர் மாற்றப்படுகிறவருக்கு 480 நாள் கணக்கு எளிதில் நிறைவதில்லை. அவர்களுடைய வாக்கு பெரும்பாலும் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் பதிவாகியிருக்கிறது. பொன்னேரித் தொகுதியிலோ கும்மிடிப்பூண்டித் தொகுதியிலோ எந்தக் கட்சியும் அவர்களைத் தன் பக்கம் இழுக்கவும், எந்தக் கட்சியும் அவர்களை இழந்துவிடுவோம் என்று அஞ்சவும் காரணமில்லை. 1952இல் ராஜாஜியின் கையெழுத்தைத் தஞ்சைப் பண்ணையாளுக்காகப் பெற்றுத் தந்த நிர்ப்பந்தம், அவர்கள் விஷயத்தில் இன்னும் பிறக்கவில்லை.